நிலைப்பறப்பின் கணக்கு: தென்னிந்திய வானில் ரேடியல் எஞ்சின்கள்

தேனி மாவட்டத்தில் சின்னமனூரை அடுத்து, முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் இரு போகம் நெல் விளையும் மார்க்கையன்கோட்டை, கொச்சியையும் மதுரையையும் இணைக்கும் நேர்கோட்டிற்கு ஏறக்குறைய நேர் கீழே அமைந்த ஊர். அக்கோட்டின் நீளம் 200 கிலோமீட்டர் அளவே எனினும், மேற்கே கேரள எல்லையில் மலைத்தொடர் 1000 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கிறது. தெற்கே மேகமலை 1500 மீட்டர் அளவில் பரந்து கிடக்க, வடக்கே ஆனைமுடி 2695 மீட்டரை எட்டுகிறது. கடல் மட்டத்திலிருந்து புறப்படும் சிறு விமானம் ஒன்று மலைச்சுவரைக் கடக்கப் போதிய உயரம் பெற்று, கம்பம் பள்ளத்தாக்கின் மேல் சிறிது நேரம் சமமாகப் பறந்து, உடனே மதுரைச் சமவெளியை நோக்கி இறங்கத் தொடங்க வேண்டும். ஏறும் எஞ்சினைச் சமமாகப் பறக்கும் எஞ்சினாக மாற்றும் அந்தச் சில நிமிடங்களில் விமானி எடுக்கும் முடிவுகளுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. முதல் பறப்புகளையும் முதல் விமானிகளையும் நினைவில் வைத்திருக்கும் இந்திய வான்போக்குவரத்து வரலாறு, எஞ்சினை ஆண்ட இந்த நுட்பத்தைப் போதிய அளவு பதிவு செய்யவில்லை.

விமானம் ஏற்றத்தை முடித்து, இறக்கத்தைத் தொடங்கும் வரை ஒரே உயரத்தில் ஏறத்தாழ ஒரே வேகத்தில் செல்லும் பகுதியை நிலைப்பறப்பு எனலாம். எஞ்சினின் ஆயுளில் பெரும்பகுதி இந்நிலையிலேயே கழிவதால், எரிபொருள் செலவையும் சிலிண்டர்களின் தேய்மானத்தையும், விமானம் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதையும் முடிவு செய்வது இதுவே. 1930களுக்கும் 1950களுக்கும் இடைப்பட்ட காலத்து ரேடியல் எஞ்சின் விமானத்தில் இதற்கு மூன்று கைப்பிடிகள் இருந்தன: எஞ்சினுக்குள் செல்லும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில், புரொப்பெல்லரின் சுழற்சியைக் கட்டுப்படுத்தும் கைப்பிடி, காற்றோடு கலக்கும் பெட்ரோலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கலவைக் கைப்பிடி. மூன்றையும் தனித்தனியே எண்ணற்ற நிலைகளில் வைக்கலாம். அவற்றுள் எஞ்சினுக்கு இசைந்த சேர்க்கைகள் சிலவே.

ரேடியல் எஞ்சின் என்பது, சிலிண்டர்கள் அனைத்தும் ஒரு மையத் தண்டைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல அமைந்து, எதிர்வரும் காற்றினாலேயே குளிரும் எஞ்சின் ஆகும். ஒரு வரிசையில் ஐந்து, ஏழு அல்லது ஒன்பது என ஒற்றைப்படை எண்ணிக்கையில் சிலிண்டர்கள் இருக்கும். நான்கு வீச்சு எஞ்சினில் ஒன்றுவிட்டு ஒன்றாக எரிந்து சீராகச் சுழல்வதற்கு அந்த ஒற்றைப்படை தேவை. ஒரு சிலிண்டரின் பிஸ்டன் தண்டு மட்டும் மையத் தண்டை நேரடியாகப் பற்றியிருக்க, மற்றவற்றின் தண்டுகள் அந்த முதன்மைத் தண்டோடு இணைக்கப்பட்டிருக்கும். ஆகவே வரிசையிலுள்ள எல்லாச் சிலிண்டர்களின் விசையையும் ஒரே தாங்குமிடம் ஏற்கிறது. இந்த அமைப்பே பின்னர் சொல்லப்படும் விதிகள் பலவற்றுக்கும் அடிப்படையாகும்.

தமிழகத்திற்கு விமான அஞ்சல் வந்த நாளில் இத்தகைய கணக்கு மிகவும் எளிதாக இருந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் வரை ஓட்டிவந்த அஞ்சல் சேவையை, நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அவர்கள் ஓட்டிய பஸ் மாத் விமானத்தில் இருந்தது ரேடியல் எஞ்சின் அன்று; நான்கு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் தலைகீழாக நிற்கும் ஜிப்சி வகை. அதன் புரொப்பெல்லரின் கோணம் நிலையானது என்பதால், த்ராட்டிலைத் திறந்தால் சுழற்சி கூடும், மூடினால் குறையும்; சுழற்சிமானி ஒன்றே எஞ்சினின் திறனைக் காட்டும் கருவி. நிலையான கோணமுள்ள புரொப்பெல்லர் ஏற்கும் திறன் சுழற்சியின் மும்மடிப் பெருக்கத்தைச் சார்ந்தது. எனவே சுழற்சியைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் திறன் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகக் குறைந்து 73 விழுக்காட்டில் நிற்கும். விமானிகள் இந்தக் கணிதத்தை எழுதிப் பார்க்காவிட்டாலும், உச்சச் சுழற்சிக்குச் சற்றுக் கீழே வைத்தால் எஞ்சின் நெடுநாள் உழைக்கும் என்ற நடைமுறை அறிவு அதையே சொன்னது.

1930களின் பிற்பகுதியில் டாட்டா நிறுவனம் வேக்கோ ஒய்க்யூசி-6 என்னும் அமெரிக்க இரட்டை இறக்கை விமானங்களை வாங்கியபோது, அவற்றுடன் ஜேக்கப்ஸ் நிறுவனத்தின் ஏழு சிலிண்டர் ரேடியல் எஞ்சினும் இந்திய அஞ்சல் வழிகளுக்கு வந்தது. 12.4 லிட்டர் கொள்ளளவும் 225 குதிரைத்திறனும் கொண்ட அந்த எஞ்சின் அதிர்வுக்குப் பேர்போனது. அதன் அதிர்வையே பட்டப்பெயராக்கி அமெரிக்க விமானிகள் அழைத்தனர். 1938 பிப்ரவரி இறுதியில் கராச்சி–சென்னை வழி திருச்சிராப்பள்ளிக்கும் கொழும்புக்கும் நீட்டப்பட்டது. கொழும்பை அடுத்த இரத்மலானைத் தளத்தில் 1935 நவம்பரில் முதன்முதலாக விமானத்தை இறக்கியவர் சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டிண்டேல்-பிஸ்கோ என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பாக் நீரிணையின் இரு கரைகளும் ஒரே பறப்பு மரபில் வளர்ந்தவை என்பது விளங்கும். கடலுக்கு மேல் ஒற்றை எஞ்சினோடு செல்பவருக்குச் சிக்கனத்தைக் காட்டிலும் எஞ்சினின் நம்பகம் பெரிது; அஞ்சல் ஒப்பந்தத்தை நிறைவேற்ற வேண்டிய நிறுவனத்திற்கோ இரண்டும் வேண்டியிருந்தன.

ரேடியல் எஞ்சினின் நிலைப்பறப்பை ஓர் அறிவாகவே வளர்த்தவர்களுள் சார்லஸ் லிண்ட்பெர்க் முதன்மையானவர். 1927 மே மாதம் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்கு முப்பத்து மூன்றரை மணி நேரம் அவர் தனியே பறந்தபோது, ஒன்பது சிலிண்டர் கொண்ட ரைட் வேர்ல்விண்ட் எஞ்சின் ஏறத்தாழ 220 குதிரைத்திறன் தரவல்லதாக இருந்தது. புரொப்பெல்லரின் கோணத்தைத் தரையிலேயே அமைத்துவிட வேண்டிய காலம் அது. பெட்ரோல் தீரத் தீர எடை குறைவதால் சிக்கனமான வேகமும் படிப்படியாகக் குறையும் என்பதை அவ்விமானத்திற்கென முன்கூட்டியே கணித்த அட்டவணை காட்டியது. கலவையைக் குறைத்து ஓட்டிய அவர் பாரிசில் இறங்கியபோது, ஏற்றிச் சென்ற சுமார் 1700 லிட்டரில் 300 லிட்டருக்கும் மேல் மீந்திருந்தது. பதினேழு ஆண்டுகள் கழித்து, 1944இல் நியூகினியில் பி-38 போர் விமானிகளிடம் அதே அறிவை அவர் எடுத்துச் சென்றார். அவ்விமானத்தின் எஞ்சின் திரவத்தால் குளிரும் வேறு வகையானாலும் பாடம் ஒன்றே: சுழற்சியை நிமிடத்திற்கு 1600 அளவுக்குக் குறைத்து, உள்ளிழுப்பு அழுத்தத்தைச் சற்று உயர்த்தி, கலவையைச் சிக்கன நிலையில் வைத்தால் விமானம் நெடுந்தொலைவு செல்லும்.

அந்தப் பாடத்தைச் சாத்தியமாக்கியது, 1930களில் பரவிய மாறா வேகப் புரொப்பெல்லர். விமானி கேட்ட சுழற்சி மாறாமல் நிற்கும்படி, ஒரு கட்டுப்படுத்தி தகடுகளின் கோணத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு இது. இதற்கு முன்னோடியான, கோணம் மாற்றத்தக்க புரொப்பெல்லரை உருவாக்கியதற்காக ஹாமில்டன் ஸ்டாண்டர்டு நிறுவனமும் அதன் பொறியாளர் ஃபிராங்க் கால்டுவெல்லும் 1933ஆம் ஆண்டுக்கான கோலியர் விருதைப் பெற்றனர். இதன் பிறகு சுழற்சிமானி மட்டும் திறனைக் காட்டப் போதுமானதாக இல்லை. த்ராட்டிலைத் திறந்தாலும் மூடினாலும் முள் அசையாமல் நிற்கும். தகட்டின் கோணம்தான் மாறும். ஆகவே சிலிண்டர்களுக்குள் செல்லும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் உள்ளிழுப்பு அழுத்தமானி இரண்டாவது கருவியாகச் சேர்ந்தது. அமெரிக்கக் கருவிகள் அதைப் பாதரச அங்குலங்களில் காட்டின: எஞ்சின் நிற்கும்போது கடல் மட்டத்தில் ஏறக்குறைய 30 அங்குலம், ஒவ்வோர் ஆயிரம் அடி ஏறும்போதும் சுமார் ஓர் அங்குலம் குறைவு. காற்றை அழுத்தி ஊட்டும் விசிறி இல்லாத எஞ்சின் 8000 அடியில் த்ராட்டிலை முழுதும் திறந்தாலும் 22 அங்குலத்தைத் தாண்டாது. பிராட் அண்டு விட்னியின் வாஸ்ப் ஜூனியர் போன்ற ஊட்டுவிசிறி உள்ள எஞ்சினோ தரையில் 36.5 அங்குலமும் 2300 சுழற்சியும் கொண்டு 450 குதிரைத்திறன் தந்து மேலெழும்.

இங்கேதான் பறப்புக் கழகங்களில் தலைமுறைகளாக வாய்வழி வந்த ஒரு தவறான விதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்குல எண், சுழற்சியின் நூற்றுக்கணக்கான எண்ணைத் தாண்டக் கூடாது, அதாவது 2300 சுழற்சிக்கு 23 அங்குலத்திற்கு மேல் வைத்தால் எஞ்சின் சிதையும் என்பது அந்த விதி. அங்குலமும் நிமிடச் சுழற்சியும் மனிதர் வகுத்த தனித்தனி அளவுகள். அவற்றின் எண்கள் ஒத்திருப்பதில் எந்த இயற்பியலும் இல்லை. வாஸ்ப் ஜூனியர் பொருத்திய பீவர் விமானத்தின் வழக்கமான ஏற்றம் 30 அங்குலம், 2000 சுழற்சி. நிலைப்பறப்பு 28 அங்குலம், 1800 சுழற்சி. இரண்டுமே அந்த விதியை மீறியவை. இரண்டிலும் எஞ்சின் பல நூறு மணி நேரம் நலமாக ஓடியது. காரணம் எளிது. சுழற்சி கூடும்போது உராய்வில் வீணாகும் திறன் கூடுகிறது, ஒவ்வொரு பிஸ்டனும் மணிக்குச் செல்லும் தொலைவு கூடுகிறது, தகடுகளின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கி அவற்றின் செயல்திறனும் குறைகிறது. அதே திறனைக் குறைந்த சுழற்சியிலும் சற்று உயர்ந்த அழுத்தத்திலும் பெற்றால் இவை அனைத்தும் மிச்சப்படும்.

ஆனால் அதற்கும் எல்லை உண்டு. போடிமெட்டு ஏற்றத்தில் பாரம் நிறைந்த லாரியை மேல் கியரிலேயே அழுத்தி ஓட்டினால் எஞ்சின் முட்டித் தட்டுவதைப் போல, மிகக் குறைந்த சுழற்சியில் மிகுந்த அழுத்தம் கொடுத்தால் சிலிண்டருக்குள் கலவை சீராக எரியாமல் ஒரே நொடியில் வெடிக்கும். விமானத்தின் இரைச்சலில் அந்தத் தட்டல் கேட்பதில்லை; பிஸ்டனின் தலை உருகிய பிறகே தெரியவரும். ஆகவே தயாரிப்பாளர் அட்டவணையில் தந்த சேர்க்கைகளே எல்லை. அந்த எல்லைக்குள் குறைந்த சுழற்சியைத் தேர்வதே அறிவு. மொத்தத் திறனில் 55 முதல் 65 விழுக்காட்டில் ஓடிய ரேடியல் எஞ்சின்களே நெடுநாள் வாழ்ந்தன என்பது உலகெங்கும் அவற்றைப் பராமரித்தவர்கள் கண்ட உண்மை.

எதிர்த்திசையிலும் ஓர் ஆபத்து உண்டு. இது ரேடியல் எஞ்சினுக்கே உரியது. இறங்கும்போது த்ராட்டிலை முழுதும் மூடிவிட்டு, சுழற்சியை மட்டும் உயர்த்தி வைத்தால், காற்று புரொப்பெல்லரைச் சுழற்ற, புரொப்பெல்லர் எஞ்சினைச் சுழற்றும். அப்போது முதன்மைத் தண்டின் தாங்குமிடம் வழக்கத்திற்கு மாறான பக்கத்தில் சுமையை ஏற்கும். அங்கே எண்ணெய்ப் படலம் போதிய அளவு நிற்காது. அதனால் ஒவ்வொரு நூறு சுழற்சிக்கும் குறைந்தது ஓர் அங்குலமாவது அழுத்தம் இருக்கட்டும் என்று பழைய ஆசிரியர்கள் கற்பித்தனர். மேலே பழித்த விதியின் அதே எண்கள் இங்கே தலைகீழாக, கீழெல்லையாக, உண்மையில் பயன்படுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்ததும் மதுரைக்காக விரைந்து இறங்க வேண்டிய வழியில் இந்த எச்சரிக்கைக்குத் தனிப் பொருள் இருந்தது: மலை முடியும் முன் இறங்கவும் முடியாது, முடிந்தபின் த்ராட்டிலை மூடி விழுவதுபோல் இறங்கவும் கூடாது, சூடேறிய சிலிண்டர்கள் திடீரென்று குளிர்வதும் அவற்றுக்கு நல்லதன்று.

கைப்பிடிகளை நகர்த்தும் வரிசையும் இதையொட்டியே அமைந்தது. திறனைக் கூட்டும்போது முதலில் கலவையைச் செறிவாக்கி, அடுத்துச் சுழற்சியை உயர்த்தி, இறுதியில் த்ராட்டிலைத் திறக்க வேண்டும். குறைக்கும்போது முதலில் த்ராட்டில், பிறகு சுழற்சி, கடைசியாகக் கலவை. எந்தக் கணத்திலும் குறைந்த சுழற்சியின் மேல் மிகுந்த அழுத்தம் விழாதிருப்பதற்கான ஒழுங்கு இது. இதை மனப்பாடமாகச் சொல்லாத மாணவரைத் தனியே பறக்க விடுவதில்லை என்ற கண்டிப்பு நியாயமானதே.

மூன்றாவது கைப்பிடியான கலவையே மிகக் கடினமானது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதும் எரிய எடையில் ஏறத்தாழ 15 பங்கு காற்று தேவை. மிகுந்த திறனுக்கு 12 முதல் 13 பங்கும், மிகுந்த சிக்கனத்திற்கு 16 பங்கும் பொருந்தும். உயரம் கூடக் காற்று மெலிந்தாலும் கார்புரேட்டர் தரும் பெட்ரோல் அதே விகிதத்தில் குறையாததால், கலவை தானே செறிவாகிக்கொண்டு போகும். அதைக் குறைப்பது விமானியின் கடமை. நிலையான புரொப்பெல்லரில் கலவையைக் குறைக்கும்போது சுழற்சி சற்றே ஏறி, உச்சம் கண்டு, பின் விழும். அந்த உச்சமே வழிகாட்டி. மாறா வேகப் புரொப்பெல்லரில் கட்டுப்படுத்தி அந்த அறிகுறியை மறைத்துவிடுகிறது. அதனால் விமானிகள் சிலிண்டர் தலையின் வெப்பமானியையும் விமானத்தின் வேகத்தையும் பார்த்தனர். இரவில் புகைக்குழாயின் சுடர் மஞ்சளிலிருந்து நீலமாக மாறுவதையும் கவனித்தனர். நான்கு பெருநகரங்களின் அஞ்சலையும் நள்ளிரவில் நாகபுரியில் மாற்றிக்கொண்ட இரவு அஞ்சல் சேவை 1949 ஜனவரி 30 அன்று தொடங்கியது. அதற்கு உழைத்த டகோட்டா விமானங்களில் செறிவு, சிக்கனம் என இரு தானியங்கு நிலைகள் கொண்ட கார்புரேட்டர் இருந்தது. சிறு விமானங்களின் விமானிகளுக்கு அந்த வசதி பெரும்பாலும் கிட்டவில்லை.

வெளிநாட்டுக் கையேடுகள் சொன்னதோடு தென்னிந்தியத் தட்பவெப்பம் சேர்த்த பாடங்களும் உண்டு. சென்னையின் கோடையில் வெப்பம் 40 பாகையைத் தொடும்போது காற்று மெலிந்து, ஏற்றம் மந்தமாகி, சிலிண்டர்களைக் குளிர்விப்பதும் கடினமாகும். வாஸ்ப் வகை எஞ்சின்களுக்குச் சிலிண்டர் தலையின் உச்ச எல்லை 260 பாகை செல்சியஸ் என்றிருந்தாலும், நிலைப்பறப்பில் 200 பாகையை ஒட்டி வைத்திருப்பதே நல்வழி. தென்மேற்குப் பருவக்காற்று குமுளிக் கணவாயின் மேல் முகிலைக் குவிக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் நேர்மாறான தொல்லை வரும். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பம் 20 பாகைக்கும் மேல் வீழ்வதால், வெளியே இதமான காற்றுள்ள நாளிலும் ஈரம் உள்ளே பனிக்கட்டியாகி வழியை அடைக்கும். பனியுறைவையே காணாத சமவெளியில் எஞ்சின் பனியால் நிற்கும் என்பதைப் புதிய மாணவர் நம்ப மறுப்பது இயல்பு. நிலையான புரொப்பெல்லரில் சுழற்சி குறைவது இதன் அறிகுறி. மாறா வேகப் புரொப்பெல்லரில் சுழற்சி அப்படியே நிற்க, அழுத்தமானி மட்டும் மெல்ல இறங்கும். அதைக் காணாதவர் மலைமேல் எஞ்சினை இழப்பார்.

விடுதலைக்குப் பின் இந்தக் கலை பயிற்சி நிலையங்களில் வேரூன்றியது. 1950களில் தாம்பரம் விமானப்படைத் தளத்துக்கு வந்த பறப்புப் பயிற்றுநர் பள்ளியில் ஹார்வர்டு விமானங்களும் பயன்பட்டன. அவற்றின் 22 லிட்டர் வாஸ்ப் எஞ்சின் 36 அங்குலம், 2250 சுழற்சியில் 600 குதிரைத்திறன் தந்து புறப்பட்டு, மணிக்கு ஏறத்தாழ 110 லிட்டர் பெட்ரோலில் நிலைப்பறந்தது. அதே குடும்பத்து எஞ்சினைக் கொண்ட ஆட்டர் விமானங்களை 1958 முதல் இந்திய விமானப்படையின் 41ஆம் அணி இயக்கியது. பாக் நீரிணைக்கு அப்பால், 1951இல் தோன்றிய இலங்கை விமானப்படை ஆல்விஸ் லியோனிடஸ் ரேடியல் எஞ்சின் கொண்ட பயனீர் விமானங்களை ஓட்டியது. அந்தப் பிரித்தானியக் கருவி இயல்பான வளிமண்டல அழுத்தத்தைச் சுழியமாகக் கொண்டு, அதற்கு மேலும் கீழும் பவுண்டுக் கணக்கில் அளந்தது: கூட்டல் இரண்டு பவுண்டு என்பது 34 அங்குலத்திற்கு நிகர். பின்னாளில் திருகோணமலையின் சீனக்குடாத் தளத்தில் பயிற்சிக்கு வந்த சீனத்துப் பிடி-6 விமானத்தின் ஒன்பது சிலிண்டர் ரேடியல் எஞ்சினோ மில்லிமீட்டர் கணக்கைக் கொண்டது. அதில் 711 என்பது 28 அங்குலம். ஒரே நுட்பத்தை மூன்று அளவுமுறைகளில் கற்க நேர்ந்ததால், எண்களை மட்டும் மனப்பாடம் செய்தவர் விமானம் மாறும்போது தடுமாறினார். எண்களுக்குப் பின்னுள்ள காரணத்தைக் கற்றவர் தடுமாறவில்லை.

எஞ்சினைச் சரியாக அமைத்துவிட்டால் மலை வழிவிடும் என்று யாரும் கருதிவிடக் கூடாது. 1950 டிசம்பர் 13 அன்று நீலகிரியில் கோத்தகிரி அருகே ஏர் இந்தியாவின் டகோட்டா ஒன்று மோதி அழிந்தபோது, போர் விமானங்களுக்குக் கவசம் எங்கே தேவை என்பதைக் கணித்துக் காட்டிய புள்ளியியல் அறிஞர் ஆபிரகாம் வால்டும் அவருடைய மனைவியும் அதில் மாண்டனர். 1971 டிசம்பர் 9 அன்று, மதுரையில் இறங்கவிருந்த இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ விமானம் சின்னமனூருக்கு அருகே மலையில் மோதி 21 பேர் உயிரிழந்தனர். அந்த ஆவ்ரோ டர்பைன் எஞ்சின் கொண்டது. கலவைக் கைப்பிடியின் காலம் அதற்குள் பயணிகள் சேவையில் முடிந்துகொண்டிருந்தது. பார்வை மங்கிய பகல் வேளையில் உயரத்தைக் கைவிடும் நேரத்தைத் தேர்வது எஞ்சினின் வகையைப் பொறுத்ததன்று என்பதற்குக் கம்பம் பள்ளத்தாக்கே சான்றாக நிற்கிறது.

இன்று எஞ்சியுள்ள ரேடியல் எஞ்சின்களுக்குப் புதிய இடர் பெட்ரோலிலிருந்து வருகிறது. 80 ஆக்டேன் பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்ட வாஸ்ப் வகைகள் இப்போது கிடைக்கும் 100 ஆக்டேன் பெட்ரோலையே எரிக்க வேண்டியிருக்க, அதில் நான்கு மடங்கு வரை இருக்கும் ஈயம், எஞ்சின் மிகக் குறைந்த திறனிலும் செறிவான கலவையிலும் ஓடும்போது தீப்பொறிச் செருகிகளில் படிகிறது. ஆகவே பழைய எஞ்சினுக்கு இரக்கம் காட்டுவதாக எண்ணி மிக மெதுவாக ஓட்டுவதும் அதற்குத் தீங்கே. போதிய வெப்பம் இருக்கும்படி, கலவையைத் தக்கவாறு குறைத்து ஓட்டுவதே அதைக் காக்கும். 2018இல் இந்திய விமானப்படையின் பழம்பெரும் விமானப் பிரிவில் சேர்ந்த, பரசுராமா என்று பெயரிடப்பட்ட டகோட்டாவைப் பறக்கும் நிலையில் வைத்திருப்பதற்கும் இந்த அறிவே வேண்டியிருக்கிறது.

அந்த அறிவு பெரும்பாலும் அச்சேறிய நூல்களில் இல்லை. எந்த உயரத்தில் எத்தனை அங்குலம், எத்தனை சுழற்சி, மணிக்கு எத்தனை லிட்டர், எந்தச் சிலிண்டர் எப்போது மாற்றப்பட்டது என்ற விவரங்கள் எஞ்சின் பதிவேடுகளிலும் விமானிகளின் பறப்பேடுகளிலும், ஓரங்களில் பென்சில் குறிப்புகள் நிறைந்த கையேடுகளிலும் கிடக்கின்றன. தமிழகத்தின் பறப்புக் கழகங்களும் பொறியியல் கல்லூரிகளும் ஓய்வுபெற்ற விமானிகள், மெக்கானிக்குகளின் குடும்பங்களும் தம்மிடமுள்ள அத்தகைய ஏடுகளைப் பழைய தாள்களோடு கழித்துவிடாமல், படியெடுத்து ஆவணக் காப்பகங்களில் சேர்க்க வேண்டும்.